நாலாம் தண்ணீர்

கேம் செய்கிற தொழிலில் ராஜாவை வரைவது சுலபம். கோயிலையும் கோட்டையையும் வரைவது அதைவிடச் சுலபம். மண்ணை வரைவதுதான் பாடு. எட்டுக்கு எட்டுப் புள்ளி, அதற்குள் இரண்டே நிறம். அந்த 64 புள்ளிகளைப் பார்த்த மாத்திரத்தில் இது ஈரமாக இருக்கிறது, இது காய்ந்து கிடக்கிறது, இது இனி விளையாது என்று ஆடுகிறவருக்குப் புரிந்துவிட வேண்டும். எங்கள் சிறு குழு உருவாக்கிய பழைய பாணி வேளாண்மை விளையாட்டில், நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த ஒரு சதுரத்தோடுதான்.

விளையாட்டு நடக்கும் இடம் தெற்கு மெசபடோமியா, அதாவது இன்றைய இராக்கின் தென்பகுதி. லகாஷ் என்ற சுமேரிய நகர அரசு. தொடக்கம் கி.மு. 2400 வாக்கில். ஆடுகிறவர்தான் அந்த நகரை ஆள்பவர். வாய்க்கால் தூர்வார வேண்டும், உழுது விதைக்க வேண்டும், ஊருக்கு மாதாமாதம் படியளக்க வேண்டும். பக்கத்து நகரமான உம்மாவோடு எல்லைத் தகராறு உண்டு. அது வரலாற்றிலும் உண்டு, தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஆனால் இதில் முதல் எதிரி பசி. அதற்குப் பின்னால் மெதுவாக வரும் இன்னொரு எதிரி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். திரை 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம் கணினியின் அளவு: 256-க்கு 192 புள்ளி. அந்தக் கணினியில் எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறத்துக்கு மேல் வைக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டையும் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இப்படி ஒரு விளையாட்டுக்கு சுமேரியா ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கணினியில் உழவும் பஞ்சமும் முதலில் ஏறியது அந்த மண்ணின் பெயரில்தான். 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் மாவட்டக் கல்வி அமைப்பும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, பாடம் நடத்தக் கணினி உதவுமா என்று பார்க்க ஒரு முயற்சியில் இறங்கின. அதில் கட்டோனா ஊரைச் சேர்ந்த மேபல் ஆடிஸ் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை வடிவமைத்து, 1964-ல் பிள்ளைகள் ஆடிப் பார்த்ததுதான் 'தி சுமேரியன் கேம்'. நிரல் எழுதியவர் ஐபிஎம்மின் வில்லியம் மெக்கே. திரை கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற முனையத்தில் கேள்வி அச்சாகி வரும். பிள்ளைகள் எண்ணைத் தட்டிப் பதில் சொல்வார்கள். லகாஷின் அரசன் லுதுகா. அவனுக்குப் பின் இரண்டாம் லுதுகா, மூன்றாம் லுதுகா. அறுவடையில் எவ்வளவு ஊருக்குச் சாப்பாடு, எவ்வளவு விதை, எவ்வளவு களஞ்சியம் என்று பிள்ளைகள் பிரிக்க வேண்டும். 1966-ல் அதைத் திருத்தி, ஸ்லைடு படங்களும் ஒலிநாடாவும் சேர்த்தார்கள். கணினி விளையாட்டுக்குக் கதை எழுதிய முதல் ஆள் என்று இன்று ஆடிஸைச் சொல்கிறார்கள். மூல நிரல் நமக்குக் கிடைக்கவில்லை, சில அச்சுத் தாள்களும் ஸ்லைடு படங்களும்தான் மிச்சம். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு இதைவிடப் பெரிய இழப்பாகத் தோன்றுவது வேறில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமென்ட் என்பவர் 1968-ல் டெக் நிறுவனத்தின் சிறு கணினிக்காக ஃபோகல் மொழியில் ஒரு சுருக்க வடிவம் எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக் மொழிக்குக் கொண்டுவந்து, 1973-ல் வெளிவந்த தன் கேம் தொகுப்பு நூலில் 'ஹமுராபி' என்ற பெயரில் அச்சிட்டார். 1978-ல் அந்த நூலின் புதிய பதிப்பு வந்தபோது வீட்டுக் கணினிகள் பெருகத் தொடங்கியிருந்தன. உலகெங்கும் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து வரிவரியாகத் தட்டி ஓட்டினார்கள்.

ஹமுராபியின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் அதன் உறுதி புரியும். தொடக்கத்தில் 100 பேர், 1000 ஏக்கர், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். தலைக்கு வருடம் 20 புஷல் வீதம் சாப்பாட்டுக்கு 2000 போய்விடும். ஏக்கருக்கு அரைப் புஷல் விதை. முழு நிலத்தையும் விதைக்க 500. கையில் 300. விளைச்சல் ஏக்கருக்கு 1 முதல் 5 வரை எது வேண்டுமானாலும் வரும், ஐந்துக்கும் ஒரே வாய்ப்பு. 3 விழுந்தால் 3000 புஷல், மூச்சு விடலாம். 1 விழுந்தால் 1000-தான்; பழைய 300-ஐச் சேர்த்தால் 1300, அதிலும் எலி தின்றது போக. மறுவருடம் முழு நிலத்துக்கும் விதையை எடுத்து வைத்தால் மிச்சம் 800-ல் 40 பேர்தான் சாப்பிட முடியும். ஒரே வருடத்தில் நூற்றுக்கு 45-க்கு மேல் பட்டினியில் செத்தால் உங்களை ஆட்சியிலிருந்து இறக்கிவிடுவார்கள். விதைத் தானியத்தையும் சமைத்துவிட்டால் 65 பேர் பிழைப்பார்கள். ஆனால் அடுத்த வருடம் வயல் வெறிச்சோடிக் கிடக்கும். இத்தனை நெருக்கடியும் மூன்றே எண்ணுக்குள். படம் இல்லை, இசை இல்லை. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ பெரிய விளையாட்டுகளில் இந்தக் கூர்மை கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனாலும் இது உழவு அல்ல என்றும் சொல்ல வேண்டும். இரண்டு காரணம். ஒன்று, நிலத்தை விற்று வாங்கும் சந்தை. ஏக்கர் விலை வருடத்துக்கு வருடம் 17-லிருந்து 26 புஷல் வரை ஏறி இறங்கும். விவரமான ஆள் மலிவில் வாங்கி உச்சத்தில் விற்றே பிழைத்துக்கொள்வார். மண்ணைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அதனால் எங்கள் விளையாட்டில் நிலச் சந்தையை எடுத்துவிட்டோம். இன்னொன்று, ஆட்டம் பத்தே வருடம். பத்து வருடத்தில் ஒரு வயல் கெட்டுப்போவதைக் காட்ட முடியாது. ஆடிஸ் மூன்று தலைமுறை அரசர்களை வைத்திருந்தார். சுருக்கியபோது அந்த நீளம் போய்விட்டது. நாங்கள் மூன்று தலைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்த நீளம் இருந்தால்தான் நான் முதலில் சொன்ன மெதுவான எதிரி உள்ளே வர முடியும். அந்த எதிரி உப்பு.

ஆற்று நீரில் கொஞ்சம் உப்பு கரைந்தே வருகிறது. வயலில் பாய்ச்சிய நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். தெற்கு மெசபடோமியாவில் நிலம் சமதளம், வடிகால் இல்லை. ஓயாமல் பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் மேலே ஏறி, வேர் மட்டத்துக்கே உப்பைக் கொண்டுவரும். எகிப்தில் இந்தத் தொல்லை குறைவு. நைல் கோடையில் பெருகி வயலைக் கழுவிவிட்டு வடிந்த பிறகுதான் அங்கே விதைப்பார்கள். மெசபடோமியாவில் எல்லாம் தலைகீழ். நம் மாதக் கணக்கில் சொன்னால் விதைப்பு ஐப்பசி வாக்கில், அப்போது ஆற்றில் நீர் குறைவு. அனடோலிய மலைகளில் பனி உருகி வெள்ளம் வருவது சித்திரையில், கதிர் முற்றி நிற்கும் நேரத்தில். வேண்டியபோது வராது, வேண்டாதபோது கரையை உடைத்துக்கொண்டு வரும். விளையாட்டு வடிவமைப்பவனுக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1958-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை எங்கள் குழுவில் எல்லோரும் படித்தோம். கி.மு. 3500 வாக்கில் தெற்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சரிபாதி; 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்கு; 1700 வாக்கில் கோதுமையே இல்லை என்கிறார்கள். கோதுமைக்கு உப்பு ஆகாது, பார்லி தாங்கும். விளைச்சலும் ஹெக்டேருக்கு 2537 லிட்டரிலிருந்து 1460-க்கு இறங்கி, பிறகு 897-க்கு வந்தது என்பது அவர்கள் கணக்கு. களிமண் பலகைகளை அவர்கள் வாசித்த விதத்தைப் பின்னால் வந்த சில அறிஞர்கள் ஏற்கவில்லை. லகாஷ் அரசன் என்டெமெனா உம்மாவோடு தண்ணீர்த் தகராறு தீராமல் டைகிரிஸிலிருந்து வெட்டிய வாய்க்கால்தான் அங்கே நிலத்தடி நீர் ஏறத் தொடக்கம் என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. ஊருக்கு நன்மை செய்ய வெட்டிய வாய்க்கால்! எங்கள் விளையாட்டில் இரண்டாம் தலைமுறை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது சதுரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வயல் சதுரத்துக்கும் ஒரே ஒரு பைட், எட்டு பிட். அதில் பயிருக்கு மூன்று: வெற்று நிலம், பார்லி, கோதுமை, பேரீச்சை, வெங்காயம், ஆளி, களை, வாய்க்கால் என எட்டு நிலை. ஈரத்துக்கு இரண்டு, ஆக நான்கு நிலை. உப்புக்கு மூன்று, பூஜ்யம் முதல் ஏழு வரை. வரைபடம் அகலத்தில் 32, உயரத்தில் 16 சதுரம்; மொத்தம் 512 பைட்டில் ஒரு நாட்டின் வேளாண்மை. இன்றைய போனில் இடத்துக்குப் பஞ்சமில்லை, இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எட்டு பிட் மட்டும் கையில் இருக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். மண்ணின் நிறம், பூச்சி வகை, காற்றின் திசை எல்லாம் வெளியே போயின. உப்பு மட்டும் மூன்று பிட்டோடு உட்கார்ந்துகொண்டது. உப்பு மூன்றைத் தாண்டினால் கோதுமை முளைக்காது. பார்லி ஆறு வரை நிற்கும். பேரீச்சை ஏழிலும் காய்க்கும்.

திரையில் உப்பு வெள்ளைப் புள்ளி. உப்பு ஒரு நிலை ஏறினால் பழுப்புச் சதுரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கூடும். அது சதுரத்தின் மூலையில் வந்தால் யார் கண்ணிலும் படாது; நடுவில் வந்தால் முளை என்று நினைத்துவிடுவார்கள். கடைசியில் வயலின் கீழ் ஓரத்திலிருந்து, வாய்க்காலை ஒட்டிய பக்கத்தில் புள்ளிகள் பூக்கும்படி வைத்தோம். உவர் நிலத்தில் உப்பு பூப்பதைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

உப்பு எப்போது ஏற வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு சுமேரிய நூலிலிருந்து. நிப்பூர் முதலிய ஊர்களில் களிமண் பலகைகளில் கிடைத்த 'உழவர் அறிவுரை', ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்வதாக அமைந்தது. கிடைத்த பிரதிகள் கி.மு. 1700 வாக்கைச் சேர்ந்தவை. விதை இரண்டு விரல் ஆழம் விழ வேண்டும் என்கிறது. பயிர் எந்த உயரத்தில் இருக்கும்போது முதல் தண்ணீர், எப்போது இரண்டாவது, எப்போது மூன்றாவது என்று சொல்லிக்கொண்டே போகிறது. பயிர் சிவந்தால் அது நோய், தண்ணீரை நிறுத்து. செழித்து நின்றால் நாலாம் தண்ணீர் விடு, விளைச்சல் கூடும்.

அந்த நாலாம் தண்ணீர்தான் எங்கள் விளையாட்டின் உயிர். மூன்று தண்ணீரில் பயிர் விளைந்துவிடும். நாலாவது விட்டால் பத்துக்கு ஒன்று கூடுதல் என்று நாங்கள் வைத்தோம். கூடவே உப்பு ஒரு நிலை ஏறும். களஞ்சியம் நிறைந்திருக்கும்போது யாரும் நாலாம் தண்ணீருக்கு ஆசைப்படுவதில்லை. பசி வரும்போதுதான் மடையைத் திறக்கிறார்கள். பசி நியாயமானது, முடிவும் நியாயமானது. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளி பேரன் காலத்தில்தான் வட்டியோடு திரும்பி வரும். ஆடுகிறவர் அப்போது பழைய வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கலாம். எந்த வருடம், எந்த வயலுக்கு, யார் திறந்த தண்ணீர் என்று அதில் பதிவு இருக்கும். ஹமுராபியில் கெட்டது நடந்தால் பகடையைத் திட்டலாம். இதில் திட்ட ஆள் இல்லை.

உப்பை இறக்குவதற்கு வழி தரிசு போடுவது. ஒரு வருடம் பயிர், ஒரு வருடம் தரிசு என்பதுதான் அந்த நாட்டு வழக்கம். தரிசில் ஷோக், ஆகுல் என்ற இரண்டு களைகள் ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை உறிஞ்சி, நீர்மட்டத்தைக் கீழே இறக்கும் என்று அதே 1958 கட்டுரை விளக்குகிறது. இதை விதியாக வைத்தோம். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் களையைக் கண்டால் போதும், ஆளை அனுப்பிப் பிடுங்கிவிடுவார்கள். வயலில் களை என்றால் பிடுங்கத்தானே தோன்றும்? எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த, நாகப்பட்டினம் பக்கத்துப் பெண் ஒருவர் மட்டும் தொடாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"உப்பு ஏறின நிலத்துல ஏதாவது ஒண்ணு பச்சையா நின்னாதாண்ணா நல்லது. சுனாமிக்கு அப்புறம் எங்க அப்பா தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாரு. ரெண்டு மூணு போகம் கழிச்சுதான் நெல்லு நின்னுச்சு" என்றார்.

2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களைத் தக்கைப்பூண்டும் ஜிப்சமும் மழைநீரும் கொண்டு மீட்டவர்கள் டெல்டாவின் கடலோர விவசாயிகள். தக்கைப்பூண்டு வேலை செய்கிற விதம் வேறு. அது பசுந்தாள் உரமாக மண்ணுக்குள் போய் மண்ணை இளக்குகிறது, ஆகுல் போல நீரை உறிஞ்சி இறக்குவதில்லை. ஆனாலும் மண் கெட்ட ஊரில் வளர்ந்தவருக்கு விதி சொல்லாமலே விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்க, களை நிற்கும் சதுரத்தில் பருவம் ஒன்றுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணெதிரே அணைவதுபோல் மாற்றினோம். பிறகு யாரும் பிடுங்கவில்லை.

பசியைக் காட்டும் விதத்தில் நாங்கள் ஹமுராபியிலிருந்து விலகினோம். அதில் உணவு குறைந்தால் நேராகச் சாவு. 'ஊர்' என்ற சுமேரிய நகரின் மூன்றாம் வம்சக் காலத்துக் கணக்குப் பலகைகளில் ஆண் ஆளுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30 என்று படி எழுதியிருக்கிறது. சிலா என்பது சுமார் ஒரு லிட்டர். பெண்ணுக்குப் பாதிதான் என்பதை மாற்றி எழுத எங்களுக்கு மனம் வந்தது, ஆனால் மாற்றவில்லை. நடந்தது அப்படித்தான். விளையாட்டில் படியை 60-லிருந்து 40 ஆக்கலாம். யாரும் உடனே சாகமாட்டார்கள். வேலை குறையும். வாய்க்காலில் வண்டல் சேரும், தூர்வார ஆள் போதாது, கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அடுத்த வருடம் 40 கொடுப்பதே கஷ்டமாகிவிடும். பஞ்சம் இப்படித்தான் வருகிறது, ஒரே நாளில் வருவதில்லை.

இதிலிருந்து ஏற ஒரு படிக்கட்டு வேண்டுமே. கடன் வைத்தோம். தானியக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்கு; பாபிலோனிய வழக்கம் அது. கூடவே பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத்தின் 48-ஆம் பிரிவையும் வைத்தோம்: புயல் வெள்ளத்தால் பயிர் அழிந்தாலோ தண்ணீரின்றி விளையாமல் போனாலோ, கடன்பட்டவன் அந்த வருடம் தானியம் கொடுக்க வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. அதையடுத்து 53-ஆம் பிரிவு: தன் கரையைச் சரியாகப் பேணாமல் உடைப்பெடுத்து ஊர் வயலை மூழ்கடித்தவன் அழிந்த தானியத்தை ஈடுகட்ட வேண்டும். பஞ்சத்தில் இரக்கம், அலட்சியத்துக்குத் தண்டம். 1901-ல் சூசாவில் கண்டெடுத்து இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தச் சட்டக் கல்லில், விளையாட்டுக்கு வேண்டிய விதிகள் தயாராகவே இருந்தன. சட்டம் லகாஷின் பொற்காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. காலம் பொருந்தாது என்று தெரிந்தேதான் எங்கள் மூன்றாம் தலைமுறைக்கு மட்டும் அதைக் கொடுத்தோம்.

தமிழ் எழுத்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வேலையின் பாதியை மறைத்ததாகும். ஆங்கில எழுத்து ஐந்துக்கு ஏழு புள்ளியில் அடங்கிவிடும். நம் எழுத்து அடங்காது. மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும், கீழே உகரத்தின் சுழி. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி வேறுபாடு தெரிய வேண்டும். 16 புள்ளி உயரம், எழுத்துக்கேற்ற அகலம் என்று முடிவுசெய்தேன். க முதல் ன வரை 18 மெய்க்கும் உகர, ஊகார வடிவங்களைத் தனித்தனியே வரைந்தேன், அதுவே 36. டி, டீ தனி. மற்றவை கொம்பு, கால், சுழி சேர்ந்து வரும். கிரந்தமும் சேர்த்து எல்லாம் நூறு வடிவத்துக்குள் முடிந்தன. வரைபடம் போகத் திரையில் மிஞ்சிய இடம் நான்கு வரி, வரிக்கு இருபது எழுத்து சொச்சம். அதற்குள் செய்தி சொல்ல வேண்டும். 'கரை கசிகிறது.' 'கீழ்வயலில் உப்பு.' 'படி குறைந்தது, ஊர் முணுமுணுக்கிறது.' நீளமாக எழுதிப் பழகிய எனக்கு இந்த நான்கு வரி நல்ல பயிற்சி.

இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் பலர் முதலில் பெரிய முப்பரிமாண மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஹமுராபியை ஒருமுறை பார்த்து எழுதுங்கள். சில பக்கங்களில் முடிந்துவிடும். பேசிக் தெரியாவிட்டால் பைத்தானில் எழுதலாம். ஓடியதும் நிலச் சந்தையை எடுத்துவிட்டு, உப்புக்கு ஒரு மாறி சேர்த்து, பத்து வருடத்தை அறுபதாக்குங்கள். செய்திகளைத் தமிழிலேயே வையுங்கள். பிறகு உங்கள் வீட்டில் உழவு தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்து ஆடச் சொல்லி, அவர் எங்கே கோபப்படுகிறார் என்று பாருங்கள். நீங்கள் திருத்த வேண்டிய இடம் அதுதான்.